ஏழாவது நடை

பெருங்குடியில் சண்முகவேல் அண்ணாச்சியின் தண்ணீர் லாரி ஷெட்டில், ஒரு வைகாசி மாதத்து வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, இனாயத் என்னும் நாற்பத்தாறு வயது டிரைவர் முகம் வெளிறிப்போய் நின்றார். அன்றைய கூலி அவர் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்று அப்போதுதான் அவரிடம் சொல்லியிருந்தார்கள். கூலி குறைந்து வெளிறிய டிரைவர்களை இந்த நகரம் நிறையப் பார்த்திருக்கிறது. கூடிப்போனதற்காக வெளிறியவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார் என்பதால், அவருடைய சரித்திரத்தை எழுதிவைப்பது அவசியமாகிறது.

சரித்திரம் ரொம்பப் பெரிதில்லை. மீர்சாகிப்பேட்டையில் பிறந்தார். பள்ளிக்கூடம் அவரைப் பத்தாம் வகுப்போடு விட்டது. ஸ்டியரிங் இன்னும் விடவில்லை. இருபத்திரண்டு வருடமாகத் தண்ணீர் லாரி. ஆதம்பாக்கத்தில் வாடகை வீடு. மனைவி ஜஹனாரா தியாகராய நகர் கடைகளுக்குப் புடவை ஃபால்ஸ் தைத்துக் கொடுக்கிறார். மகள் புஷ்ரா பி.காம். இரண்டாம் வருடம். இத்தனை வருடத்தில் அவர் வண்டியில் யாருக்கும் ஒரு கீறல் கிடையாது. பூந்தொட்டிகள் உண்டு, அவை புகார் கொடுப்பதில்லை.

அண்ணாச்சியின் கம்பெனியில் எட்டு மணி நேர வேலை என்கிற விதி மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்பட்டது. ஒரு நாளைக்கு இரண்டு முறை கடைப்பிடித்தார்கள். மாதச் சம்பளம் என்ற பேச்சே இல்லை. கிணற்றில் பன்னிரண்டாயிரம் லிட்டர் ஏற்றி, கொண்டுபோய் இறக்கிவிட்டு, இறக்கிய இடத்தில் சீட்டில் கையெழுத்து வாங்கி வந்தால் ஒரு நடை. நடைக்கு இருநூற்றைம்பது ரூபாய். தூக்கத்துக்கு ரேட்டு போடவில்லை. ஆகவே அதை யாரும் வாங்கவுமில்லை.

அந்த வாரம் இன்னொரு டிரைவரான மகேஷ், தன் மச்சான் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அரக்கோணம் போய்விட்டான். அவன் லோடும் இனாயத் தலையில் விழுந்தது. புதன்கிழமை விடியற்காலை உட்கார்ந்தவர், நடுவில் கேபினிலேயே இரண்டு மணி நேரம் கண்ணை மூடியதோடு சரி, வியாழன் மாலைதான் கீழே இறங்கினார்.

"ஏழு நடை வே," என்றார் அண்ணாச்சி, அன்றைய சீட்டைப் பார்த்து. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருடமாகியும் அந்த 'வே' அவரோடு தங்கிவிட்டது. "பரவால்லையே. மகேஷ் ஒரு நாளும் அஞ்சைத் தாண்டுனதில்ல."

"ஆறு, அண்ணாச்சி."

"ஏழு கையெழுத்து இருக்குல்லா. எண்ணிப் பாரும்."

இனாயத் எண்ணினார். ஏழு.

"நடையைக் கொறச்சுச் சொல்லுத டிரைவரை இப்பந்தான் பாக்கேன். உடம்புக்கு என்னவும் செய்யுதா?"

ஏழாவது வரியில் எழுதியிருந்தது: வசந்த விலாஸ், மயிலாப்பூர். மூன்று மணி பத்து நிமிடம். வாட்ச்மேன் கருணாகரன் கையெழுத்து. வண்டி எண்ணை எழுதியிருந்தது இனாயத்தின் கையேதான். அவர் எட்டைப் போடும் விதம் உலகத்தில் வேறு யாருக்கும் வராது.

அவருக்கு நினைவிருந்தது ஆறாவது நடை. அடையாறு காந்தி நகர், பன்னிரண்டரை மணி, ஹோஸைச் சுருட்டி மாட்டினார், மோர் குடித்தார். அதற்கடுத்து நினைவிருந்தது, ஷெட் வாசலில் ஹேண்ட்பிரேக் போட்டது. நடுவில் நாலு மணி நேரம் வெறும் வெள்ளை. டிராஃபிக்கில் மாட்டியிருப்போம் என்று நினைத்திருந்தார். அந்த வெள்ளைக்குள் அவர் கிணற்றுக்குப் போயிருக்கிறார், தண்ணீர் பிடித்திருக்கிறார், மத்திய கைலாஷ் சிக்னலைத் தாண்டி, அடையாற்றுப் பாலத்தில் ஏறி, மந்தைவெளி நெரிசலுக்குள் நுழைந்து மயிலாப்பூர் போய்த் திரும்பியிருக்கிறார். முழு டேங்கர். பட்டப்பகல்.

வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். இடதுபக்க முன் பம்பரின் ஓரத்தில் ஒரு போல்ட் துருத்திக்கொண்டிருக்கும். அதில் ஒரு சிவப்புத் துணி மாட்டியிருந்தது. உள்ளங்கை அகலம். ஒரு ஓரம் மடித்துத் தைத்தது, மற்ற ஓரமெல்லாம் கிழிந்தது.

துப்பட்டாவாக இருக்கலாம். முந்தானையாக இருக்கலாம். அதற்குமேல் என்னவாக இருக்கலாம் என்று யோசிக்க அவர் மனம் மறுத்தது, மறுத்துக்கொண்டே யோசித்தது. குனிந்து சக்கரங்களைப் பார்த்தார். ஒன்றுமில்லை, ஈரம்தான். தண்ணீர் லாரியின் சக்கரம் எப்போதும் ஈரமாகவே இருக்கும். எதன்மேல் ஏறினாலும் அடுத்த தெருவுக்குள் அதுவே கழுவிக்கொள்ளும். இருபத்திரண்டு வருடத்தில் சக்கரத்தின் சுத்தத்தைப் பார்த்து அவர் பயந்தது அன்றுதான்.

துணியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஜஹனாராவுக்கு போன் போட்டார்.

"வர லேட்டாவும்."

"இன்னாங்க, ரெண்டு நாளாச்சு. கொஞ்சமாச்சும் தூங்கினீங்களா, இல்லியா?"

"தூங்கினேன்," என்றார். அது பொய்யில்லை என்பதுதான் அவரைக் கலக்கியது.

பிறகு தன் பழைய மொபெட்டை எடுத்துக்கொண்டு, தான் போன வழியைத் தேடிப் புறப்பட்டார். தன்னையே துப்பறியும் மனிதனுக்குள்ள முதல் சங்கடம், யாரிடமும் நேராகக் கேட்க முடியாது. மத்திய கைலாஷில் வண்டியை ஓரம் கட்டி, இளநீர்க்காரரிடம் ஒன்று வெட்டச் சொல்லிவிட்டு, "இன்னா நைனா, மதியானம் இங்க ஏதாச்சும் ஆச்சா?" என்றார்.

"இன்னா ஆவணும்?"

"இல்ல, சும்மா. ஆக்சிடெண்ட்டு, அது இதுன்னு."

"ஒண்ணும் ஆவல. ஆவணும்னு வேண்டிக்கினு வந்தியா?"

அடையாறு சிக்னலில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் நின்றிருந்தார். அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டார். காவலர், "எதுக்குக் கேக்குறே? ஊடு எங்க?" என்றார். இனாயத் 'சும்மா சார்' என்று சொல்லிவிட்டு, பச்சை விழுவதற்கு மூன்று வினாடி முன்பாகவே கிளம்பினார். இருபத்திரண்டு வருட டிரைவர் வாழ்க்கையில் அவர் தாண்டிய முதல் சிவப்பு விளக்கு அதுதான். அவருக்குத் தெரிந்த வரையில்.

பாலத்தின் மேல் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு நடந்தார். ரோட்டில் ஒற்றைச் செருப்பு கிடந்தால் நின்றார். உடைந்த கண்ணாடித் துண்டு, நசுங்கிய டிபன் டப்பா, காய்ந்த கறை, எல்லாவற்றிடமும் நின்றார். இந்த நகரத்து ரோட்டில் எத்தனை ஒற்றைச் செருப்புகள் கிடக்கின்றன என்பதை மாநகராட்சிகூட அவ்வளவு பொறுப்பாகக் கணக்கெடுத்ததில்லை. ஒவ்வொன்றும் யாருடைய காலிலிருந்தோ கழன்றது. சின்ன அளவாக இருந்தால் குனிந்து எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

வசந்த விலாஸ் வாசலில் கருணாகரன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"கருணா, மதியானம் நான் வந்தனா?"

கருணாகரன் மேலும் கீழும் பார்த்தார். "இன்னா பாய், சரக்கா?"

"நான் தொட மாட்டேன்னு தெரியும்ல. வந்தனா, இல்லியா?"

"வந்த. ரிவர்ஸ் எட்த்த. எப்பவும் அந்தப் பூந்தொட்டிய ஒரு தட்டு தட்டுவ, இன்னிக்கு அதக் கூடத் தட்டல. ஹோஸ் போட்ட. சம்ப் ரொம்பினதும் கரெக்டா மூடின. டீ குட்த்தேன், குட்ச்ச. எம்பொண்ணு மேட்டரு மொத்தம் சொன்னேன். எல்லாத்துக்கும் 'சரி அண்ணாச்சி, சரி அண்ணாச்சி'ன்ன. நான் எப்படா அண்ணாச்சி ஆனேன்னு அப்பவே நென்ச்சேன்."

தூங்குகிற இனாயத், விழித்திருக்கும் இனாயத்தைவிட நன்றாக ரிவர்ஸ் எடுக்கிறார் என்ற செய்தி அவருக்கு எந்த ஆறுதலும் தரவில்லை. துணியை எடுத்துக் காட்டினார்.

"இது?"

"வர்றப்பவே முன்னாடி தொங்கிக்கினு இருந்துச்சு. இன்னா பாய், கட்சியில சேந்துட்டியான்னு கேட்டேன். அதுக்கும் 'சரி அண்ணாச்சி'தான்."

ஆக, நடந்தது எதுவோ அது கிணற்றுக்கும் மயிலாப்பூருக்கும் நடுவில் நடந்திருக்கிறது. இனாயத் மொபெட்டைத் திருப்பினார். 

மந்தைவெளியில் மெட்ரோ வேலைக்காக ரோட்டில் பாதியைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். வரும்போது தரையையே பார்த்து வந்ததால் கவனிக்காததை இப்போது கவனித்தார். அடைப்பின் முனையில், பளபளக்கும் மேல்சட்டை போட்ட ஒருவர் வண்டிகளுக்கு வழிகாட்டி நின்றிருந்தார். கையில் குச்சி. குச்சியில் புத்தம் புதிய சிவப்புக் கொடி. அதன் ஓரத்தில் இருந்த அதே மடிப்பும் தையலும் இனாயத்தின் சட்டைப் பைக்குள்ளும் இருந்தன.

இறங்கிப் போய்த் துணியை நீட்டினார். அந்த மனிதர் பெயர் ஷோயப், பீகார்க்காரர், முப்பது வயதிருக்கும். இனாயத்தின் வீட்டு உருதுவும் அவருடைய ஊர் இந்தியும் பாதி வழியில் சந்தித்துக் கைகொடுத்துக்கொண்டன.

"பாய், இது உங்களுடையதா? மதியம் என்ன நடந்தது?" என்று கேட்டார் இனாயத்.

ஷோயப் துணியைப் பார்த்தார். இனாயத்தைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சூப்பர்வைசரிடம் சொல்லாதீர்கள். எனக்குத் தெரியாது. நின்றபடியே தூங்கிவிட்டேன். காலை ஆறிலிருந்து நிற்கிறேன், மாற்றிவிடும் ஆள் இரண்டு நாளாக வரவில்லை. முகத்தில் காற்று அடித்தது, கண்ணைத் திறந்தேன். குச்சியில் கொடி இல்லை. பெரிய வண்டி ஏதோ போய்க்கொண்டிருந்தது. ஆனால் என் கை மட்டும் அதுபாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது."

இப்படியாக, சென்னை மாநகரின் முக்கியமான சாலையில் ஒரு பகல் பொழுதில், தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் கொடி காட்ட, தூங்கிக்கொண்டிருந்த இன்னொருவர் அதற்கு மதிப்புக் கொடுத்துப் பன்னிரண்டாயிரம் லிட்டரோடு கடந்து போனார். போக்குவரத்து முறையாக நடந்தது. புகார் எதுவும் பதிவாகவில்லை.

"எப்படிப் பிடித்திருந்தீர்கள், காட்டுங்கள்," என்றார் இனாயத்.

ஷோயப் கையை நீட்டிக் காட்டினார். போல்ட் கிழித்த கொடிக்கும் அவர் விரல்களுக்கும் நடுவில் குச்சி ஒரு சாண். விரல்களுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் ஒரு கை. இனாயத் அதைத் தன் சாணால் அளந்து பார்த்தார். அளந்து முடித்ததும் நடைபாதைக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். ஷோயப்பும் அப்போதுதான் கணக்குப் போட்டிருக்க வேண்டும். அவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஐந்து நிமிடம் வண்டிகள் தாங்களே வழி பார்த்துக்கொண்டு போயின.

வீட்டுக்கு வந்த கணவரின் முகத்தைப் பார்த்ததும் ஜஹனாரா அவருடைய போனை வாங்கிச் சத்தம் கேட்காதபடி அரிசி டப்பாவுக்குள் புதைத்தார். காலையில் அதைத் தோண்டி எடுத்தபோது அண்ணாச்சியின் அழைப்பு பதினான்கு இருந்தது.

"மணி ஒம்பது வே," என்றார் அண்ணாச்சி, ஷெட்டில். "நாலு அபார்ட்மெண்ட்டுக்காரன் என்னைக் கிழிக்கான். நீரு தூங்கிட்டு வாரீரு."

"ஏழாவது நடைக் காசு எனக்கு வேணாம், அண்ணாச்சி. அத நான் ஓட்டல." மேஜைமேல் வண்டிச் சாவியையும் சிவப்புத் துணியையும் வைத்துவிட்டு, இனாயத் நடந்ததையெல்லாம் சொன்னார். சொல்லும்போது இன்னொரு பயமும் இருந்தது. புஷ்ராவுக்கு அடுத்த மாதம் ஃபீஸ் கட்ட வேண்டும். "இனிமே பத்து மணி நேரம் ஓட்டறேன். அஞ்சு நடை. நாள் கூலியா பேசிக் குடுங்க, மகேஷுக்கும் அப்படியே. முடியாதுன்னா வேற ஆளப் பாத்துக்கங்க."

அண்ணாச்சி சிரித்தார். "தூக்கத்துலயே ஒரு இடி இடிக்காம ஓட்டுதீருன்னா கெட்டிக்காரருல்லா. பொறவு தூங்குததுக்கு எதுக்கு வே வீட்டுக்குப் போவணும்? சாவிய எடும். லோடு ஏறி நிக்கி. நானும் மயிலாப்பூர் வரைக்கும் வாரேன். மகளுக்குப் பட்டு எடுக்க தி.நகர் போவணும், காரு சர்வீஸ்ல கெடக்கு."

"வாங்க," என்றார் இனாயத்.

அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டி, இடதுபக்கக் கதவைத் திறந்து, ஒரு காலைப் படியில் வைத்தார்.

"ஒண்ணு சொல்லிடறேன்," என்றார் இனாயத், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி. "உங்க பேச்சுப்படி இன்னிக்கும் ஏழு நடை. எதுல நான் இருப்பேன், எதுல இருக்க மாட்டேன்னு எனக்கே தெரியாது. நேத்து நாலு மணி நேரம் இல்ல. நீங்க பேசிக்கினே வாங்க. 'சரி அண்ணாச்சி'ன்னு மட்டும் சொன்னேன்னா, பிரேக்க நீங்க தேடிக்கங்க."

படியில் வைத்த கால் அங்கேயே நின்றது. அண்ணாச்சி கேபினுக்குள் பார்த்தார். அந்த இருக்கைக்கு முன்னால் ஒரு கண்ணாடி, கண்ணாடிக்கு முன்னால் ஓ.எம்.ஆர். சாலை, அவ்வளவுதான். ஒன்பது வருடமாக அந்த வண்டிக்குச் சொந்தக்காரர். அந்த இடத்திலிருந்து சாலை எப்படித் தெரியும் என்று இப்போதுதான் பார்க்கிறார்.

"எத்தன மணி நேரம் தூங்குனீரு?" என்றார், குரல் இறங்கி.

"ராத்திரிதான் எட்டு மணி நேரம். இந்த வருஷத்துல மொத தடவ."

கால் தரைக்குத் திரும்பியது. தி.நகருக்குக் கால் டாக்ஸி வந்தது. அது வருவதற்குள் பத்து மணி நேரமும், ஐந்து நடையும், ஆறு நடைக்கான பணம் நாள் கூலியாகவும் பேசி முடிந்தன. நியாயம் என்ற சொல்லை இருவருமே உச்சரிக்கவில்லை. பயத்தைப் போன்ற தொழிலாளர் நல அதிகாரி இந்த மாநிலத்தில் வேறு யாரும் கிடையாது. லஞ்சமும் வாங்காது.

ஆனால் அந்த அதிகாரி மந்தைவெளிப் பக்கம் இன்னும் போகவில்லை. ஷோயப்புக்கு அதே பன்னிரண்டு மணி நேரம். மாற்று ஆள் வராவிட்டால் பதினெட்டு. போகிற நடை ஒவ்வொன்றிலும் இனாயத் அடைப்புக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டுவார்.

"முழிச்சிக்கினு கீறியா, பாய்?"

"கீறேன், பாய்," என்று ஷோயப் தான் கற்ற முதல் தமிழில் பதில் சொல்வார். "நீ?"

"கீறேன்."

இரண்டு வாரம் இப்படிப் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இனாயத் கேட்டார், பதில் வரவில்லை. கொடி ஆடிக்கொண்டிருந்தது. கண்கள் திறந்துதான் இருந்தன. வா வா என்று கை அழகாக அழைத்தது.

இனாயத் நடு ரோட்டிலேயே பிரேக் போட்டு, சாவியை உருவிக்கொண்டு இறங்கினார். பின்னால் மந்தைவெளி முழுவதும் ஹாரன் அடித்தது. "யோவ் தண்ணி லாரி, ஊட்ல சொல்லிக்கினு வந்தியா?" என்று ஒரு ஆட்டோக்காரர் விசாரித்தார். இனாயத் ஷோயப்பைத் தோளைப் பிடித்து வண்டிக்குப் பின்புறம் அழைத்துப்போய், வால்வை ஒரு சுற்றுத் திறந்து, வசந்த விலாஸுக்குச் சேர வேண்டிய தண்ணீரை இரண்டு கையாலும் ஏந்தி, அவர் முகத்தில் அடித்தார்.