பெட்டி போன பின்பும்

மயிலையில் உறையும் ஈசன் தாள் பணிந்து இதனை எழுதுகிறேன்.

அபிஷேகத் தேனுக்காகக் கொல்லையில் ஒரு தேனீப் பெட்டி வைத்திருந்தேன். சென்ற மாதம் ஒரு கொட்டு பட்டு, மதிலுக்கு அப்பால் வசிக்கும் ஸ்டெல்லா டீச்சரின் கணவர் மூச்சுத் திணறி மருத்துவமனை வரை போனார். இன்னொரு கொட்டு உயிருக்கே ஆபத்தாம்.

பேசித் தீர்த்தோம். இன்று காலை பூஜை முடித்து, பெட்டியை அடையாறு நண்பர் தோட்டத்துக்கு அனுப்பினேன்.

நண்பகலில் டீச்சர் மதிலோரம் அழைத்தார். "பொட்டிய எடுத்தாச்சுன்னீங்களே மாமா, அப்ப இது என்ன?"

பெட்டி இருந்த வெற்றிடத்தில், அதே உயரத்தில், அதே அகலத்தில், நூற்றுக்கணக்கான தேனீக்கள் அந்தரத்தில் நின்றன. ஒவ்வொன்றாக முன்வந்து, இல்லாத வாசலில் இறங்கப் பார்த்துத் தடுமாறின.

மேயப் போனவை அந்தியில்தான் அடங்கும். அதற்கு முன்பே பெட்டியை அசைத்தது என் பிழை.

"அவரை உள்ள வச்சுப் பூட்டிட்டேன். பொட்டிய திரும்பக் கொண்டாந்துடுங்க மாமா, அதுங்க உள்ள போயி அடங்கட்டும்."

பெட்டி வந்தது. அந்தியில் அனைத்தும் உள்ளே அடங்கின. வாசலைத் துணியால் அடைத்து மறுபடி அனுப்பினேன்.

டீச்சரின் கணவர் ஜன்னலைச் சற்றே திறந்தார். "எல்லாம் போயிடுச்சுன்றீங்க. ரீங்காரம் கேக்குதே மாமா?"

கொல்லையில் ஒரு தேனீகூட இல்லை. எனக்கும் கேட்டது.

"பிரமைப்பா" என்று சொல்லிவிட்டேன்.

பெட்டியை அடையாறுக்கு அனுப்பலாம். ஓசையை எங்கே அனுப்புவது? அறிந்தோர் கீழே எழுதுங்கள். உங்கள் இல்லமும் சுற்றமும் அச்சமின்றித் தழைக்க அவன் அருள்க.