அட்லசில் வைத்த புள்ளி

1. சவூதியில் லாரி ஓட்டிய அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது.
2. அதில் இரண்டு வரிகளை நான் அம்மாவுக்கு வாசிக்கவில்லை.
3. அட்லசில் அப்பா இருந்த இடத்தை மாற்றிக் காட்டினேன்.
4. அம்மா நம்பினாள்.

குவைத்துக்குள் ஈராக் படை நுழைந்த வருஷம் அது. எனக்கு எட்டு வயது. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளப் பாறசாலையில் எங்கள் வீட்டில் எல்லோரும் இரண்டு மொழியும் பேசுவோம்; வாசிப்பதென்றால் ஆளுக்கு ஒன்றுதான். அம்மாவுக்கு மலையாளம். அப்பாவுக்கும் எனக்கும் தமிழ். அதனால் அப்பாவின் கடிதங்களை வாசித்துக் காட்டுவது என் வேலை.

‘கம்பெனி என்னைக் கஃப்ஜிக்கு மாற்றிவிட்டது. இங்கிருந்து குவைத் எல்லை மிகப் பக்கம். இதை மட்டும் அம்மாவுக்கு வாசிக்காதே, மக்கா’ என்று எழுதியிருந்தார். அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போனேன்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அம்மா சோற்றுத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டுக் கேட்பாள்.

“மக்கா, படத்த எடு. அப்பா எங்க உண்டு?”

கரையோரமாக ஒப்பிப்பேன்: ஈரான், ஈராக், குவைத், சவூதி, பஹ்ரைன், கத்தார், எமிரேட்ஸ், ஓமன். பிறகு கத்தாரை ஒட்டிய சவூதிக் கரையில் விரலை வைப்பேன்.

“பாத்தியளா மதினி, எட்டு நாட்டுக்கும் ஒங்க மவளாக்கும் தாசில்தாரு!” என்பார் சித்தப்பா.

அம்மா சிரிக்காமல் குவைத்திலிருந்து என் விரல் வரை அளப்பாள். “நாலு வெரலு உண்டுல்லா? அப்போ பயப்பட ஒண்ணும் இல்ல. நீ தின்னு.”

பொய் சொல்வது பெரிய வேலையில்லை. தினமும் அதே இடத்தில் சொல்வதுதான் அலுப்பு. விரல் தவறிவிடக் கூடாதென்று பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டேன்.

பிறகு கடிதங்கள் நின்றன. கேள்வி நிற்கவில்லை. புள்ளியும் நகரவில்லை.

ஒருநாள் அம்மாவின் மலையாள வேதபுத்தகத்துக்குள் பத்திரிகையில் வெட்டிய படம் ஒன்று இருந்தது. அதே வளைகுடா. குவைத்துக்குச் சற்றுக் கீழே நீல மையில் ஒரு வட்டம், பக்கத்தில் பேனாவால் மலையாளத்தில் ஏதோ எழுத்து. சண்டை நடக்கும் இடத்தைக் குறித்திருக்கிறாள் என்று நினைத்து, மடித்து உள்ளேயே வைத்தேன்.

ஹைஸ்கூலில் மலையாளம் படித்த பிறகு மறுபடியும் அதை எடுத்துப் பார்த்தேன். அம்மாவின் கையெழுத்தில் ‘கஃப்ஜி’ என்று இருந்தது. அப்பாவின் கம்பெனியிலேயே எங்கள் பக்கத்து ஊரான அதியன்னூர்க்காரர் ஒருவர் இருந்தார். எங்கள் கடிதம் வருவதற்கு முன்பே அவர் மனைவி சர்ச்சில் வைத்து அம்மாவிடம் சொல்லிவிட்டாராம். இதைச் சித்தப்பாதான் சொன்னார்.

மேலே நான்காவதாக ‘அம்மா நம்பினாள்’ என்று எழுதியது எட்டு வயதில் எனக்குத் தெரிந்தது. அம்மா கேட்டதும் அளந்ததும் எனக்குச் சோறு இறங்க வேண்டுமென்றுதான் என்பது அப்போது தெரியவில்லை.

அப்பா மறுவருஷம் திரும்பி வந்தார். இப்போது வீட்டில்தான் இருக்கிறார். அட்லஸ் என்னிடம் இருக்கிறது. படம் வேதபுத்தகத்துக்குள் இருக்கிறது. அந்த இரண்டு வரிகளை அம்மாவுக்கு இன்னும் யாரும் வாசித்துக் காட்டவில்லை.