சம்மனசுக்குக் கண் வரைதல்

"சொட்டு விழுந்திருச்சு" என்றாள் காளியாயி.

வெள்ளைக்கருக் கிண்ணத்தில் மஞ்சள்கரு கடுகளவு மிதந்தது. இசபெல்லா முட்டை ஓட்டின் விளிம்பால் அதை எடுக்கப் பார்த்தாள். ஓடு நடுங்கியது. கடுகு இரண்டாகப் பிரிந்தது.

"இது மூணாவது முட்டை. இன்னைக்குப் பூரா எனக்கு ஆம்லேட்டுதான்."

"தின்னு. ஒன்னைய யாரு கேக்கா."

"கை ஏங்கா இந்த ஆட்டம் ஆடுது? மக வருதுன்னா?"

"குளிருடி."

"நானும் இதே குளிர்லதான நிக்கேன்."

மஞ்சள் கலந்தால் வெள்ளைக்கரு நுரைத்து எழாது. ஐசிங் நிற்காமல் ஓடும். இசபெல்லா கிண்ணத்தை ஒதுக்கி வைத்துவிட்டு நான்காவது முட்டையைக் காளியாயியிடம் கொடுத்தாள். காளியாயி பூம்பாறை மலைக்கிராமத்தில் பிறந்தவள். நாயுடுபுரத்தில் பத்தொன்பது வருடமாகப் பக்கத்து வீடு. டிசம்பர் ஆனால் ஐசிங் அடித்துக் கொடுக்க வந்துவிடுவாள். கிறிஸ்துமஸ் என்றால் அவளுக்குத் தோள்வலி.

இசபெல்லாவுக்கு ஐம்பத்தாறு வயது. தகப்பன் மடத்துத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். பதினேழு வயதில் ஒரு பள்ளி விடுதியின் சமையலறையில் சேர்ந்தாள். அங்கே ஒரு வெளிநாட்டு ஆசிரியரின் மனைவி ஒவ்வொரு டிசம்பரிலும் பிஸ்கட் சுட்டு மேலே ஐசிங் போடுவாள். யாருக்கும் கற்றுத்தர மாட்டாள். இசபெல்லா பாத்திரம் கழுவிக்கொண்டே பார்த்தாள். அந்த அம்மாள் ஊருக்குத் திரும்பியபோது தகர அச்சுகளைக் குப்பையில் போட்டுவிட்டுப் போனாள். நட்சத்திரம், மணி, மரம், சிறகுள்ள தேவதூதனான சம்மனசு. குப்பையிலிருந்து எடுத்த அச்சுகள் இப்போதும் இருக்கின்றன. மரத்தின் நுனி மட்டும் வளைந்துவிட்டது.

கணவன் ஆக்னல் ஜீப் ஓட்டினான். மஞ்சள்காமாலையில் போனபோது மகள் ஆக்ஸிலியாவுக்கு ஒன்பது வயது. இசபெல்லா வீட்டுக்கு ஒரு ஓவன் வாங்கினாள். வட்டக்கானல் சுற்றுலா விடுதிகளுக்கு டிசம்பரில் பிஸ்கட் கொடுக்க ஆரம்பித்தாள். மாவு, சூடு, வண்ணம் நிரப்புவது எல்லாம் அவள். முதல் வருடம் சம்மனசுகளுக்கு முகம் வைத்ததும் அவள்தான். இரண்டு புள்ளிகள் வைத்தாள். மறுவருடம் ஆக்ஸிலியா ஐசிங் பிழியும் வெண்ணெய்த்தாள் கோனைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"கண்ணு தெறந்திருந்தா நம்மளையே பாக்கும்மா. எப்பிடித் திங்கிறது?"

மூடிய கண்ணாக வரைந்தாள். கீழே வளைந்த இரண்டு கோடுகள். தூங்குகிற சம்மனசு. விடுதிக்கு வருகிறவர்கள் தின்னாமல் படம் எடுத்தார்கள். மறுவருடம் நட்சத்திரத்தை யாரும் கேட்கவில்லை. சம்மனசைக் கேட்டார்கள்.

ஆக்ஸிலியா பழனிக்குப் படிக்கப் போனாள். ஆயக்குடியில் கொய்யா வியாபாரம் செய்யும் பென்சனைப் பார்த்தாள். கட்டிக்கொண்டாள். பென்சன் வீட்டார் போகும் சபையில் நகை போடுவதில்லை. கிறிஸ்துமஸ் கொண்டாடுவதும் இல்லை. ஆனாலும் கல்யாணமான முதல் டிசம்பரில் ஆக்ஸிலியா வந்தாள். மூளிக் காதோடு மேசையில் உட்கார்ந்து நூற்றைம்பது சம்மனசுகளுக்குக் கண் வரைந்தாள். பென்சனே பஸ் ஏற்றி அனுப்பியிருந்தான். அதற்குப் பிறகு டிசம்பரில் அவள் வரவில்லை. ஐந்து டிசம்பர்கள். ஜனவரியில் வருவாள், ஒரு பை கொய்யாவோடு.

மருமகன் கட்டிப்போட்டுவிட்டான் என்றுதான் இசபெல்லா சொன்னாள். காளியாயியிடம் சொன்னாள். பால்காரரிடம் சொன்னாள். மாதா கோவிலில் சாமியாரிடமும் சொன்னாள். பென்சன் போன் செய்தால் இசபெல்லா "ம்", "சரி" என்ற இரண்டு சொற்களுக்கு மேல் பேசுவதில்லை. மகள் உள்ளுக்குள் தன் பக்கம்தான் என்று அவளுக்குத் தெரியும். வாயைத் திறக்க முடியாமல் இருக்கிறாள், பாவம்.

இரண்டு வருடமாகக் கை நடுங்குகிறது. வத்தலக்குண்டு டாக்டர் நரம்பு என்றார். மாத்திரை கொடுத்தார். கரண்டியால் வண்ணம் நிரப்பலாம். கோடு வராது.

இந்த வருடம் மகளுக்குப் போன் செய்தாள்.

"ஒரு நா வந்துட்டுப் போ பிள்ள. நட்சத்திரம், குடில் எதையும் ஒன்னையத் தொடச் சொல்ல மாட்டேன். வட்டக்கானல்ல காட்டுமாட்டு பிஸ்கட் கேக்காங்க. காட்டுமாட்டுக்கு ஏது கிறிஸ்துமஸ்?"

மறுமுனையில் ஆக்ஸிலியா சிரித்தாள். "இருபத்தி மூணு வாரேன்" என்றாள். அன்று பென்சன் ஒட்டன்சத்திரத்துக்கு லோடு கொண்டுபோகிறான் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அவனுக்குத் தெரியாமல் வருகிறாள் என்று இசபெல்லா எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து நாள் எண்ணினாள். ஒரு டிசம்பர் நாள் மகள் இந்த மேசையில் உட்கார வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

பழனி பஸ் பதினொன்றுக்கு வந்தது. ஆக்ஸிலியா வந்ததும் காளியாயி அவள் கன்னத்தைக் கிள்ளினாள்.

"என்ன தாயி, ஆயக்குடியில சோறு போடுறாகளா இல்லையா? கொய்யாவ மட்டும் தின்னுட்டுக் கெடக்கியா?"

"நீங்க எம்பங்கையும் சேத்துத் தின்னுட்டீக போல, சித்தி."

"எல்லாம் ஒங்கம்மா கலைக்கிற முட்டை." காளியாயி முந்தானையை உதறிக்கொண்டு கிளம்பினாள். "எனக்குப் பூண்டுச் சோலி கெடக்கு. ஆத்தாளும் மகளும் பேசுங்க."

காட்டுமாட்டுக்கு அச்சு கிடையாது. இசபெல்லா காலண்டர் அட்டையில் வெட்டிவைத்து, கத்தியால் மாவைச் சுற்றி அறுத்திருந்தாள். அறுபது மாடுகள். கொக்கோ கலந்த ஐசிங் நிரப்பிக் காய்ந்திருந்தன. கொம்பும் கண்ணும், காலுக்கு வெள்ளைக் காலுறையும் பாக்கி. வெளியே பனிமூட்டம் சன்னலை ஒட்டி நின்றது. இந்த ஈரத்தில் ஐசிங் காய ஒரு ராத்திரி பிடிக்கும். தட்டுகளை ஓவனின் தலைமேல் அடுக்கியிருந்தாள்.

ஆக்ஸிலியா கைகழுவி உட்கார்ந்தாள். வெண்ணெய்த்தாளைச் சுருட்டிக் கோன் செய்தாள். நுனியை ஊசி அளவு வெட்டினாள். முதல் கொம்பு சற்று நடுங்கியது. இரண்டாவது நடுங்கவில்லை.

"போன வாரம் ஒரு தடிமாடு நம்ம சௌசௌக் கொடியைப் பூரா இழுத்துத் தின்னுட்டு, வாசல்லயே படுத்துக்கிருச்சு" என்றாள் இசபெல்லா. "நான் வெரட்டுறேன், அது என்னையவே பாக்குது. ஒங்க கணக்கு டீச்சர் பாப்பாங்கள்ல, அப்பிடி."

"அப்ப இந்த மாட்டுக்குக் கண்ணாடி போட்டுருவமா?"

போட்டாள். ஒரு மாட்டுக்கு மூக்குக் கண்ணாடி. இசபெல்லா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆக்ஸிலியாவும் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் இன்னொன்றுக்கும் போட்டாள். ஒருமணி நேரத்தில் நாற்பத்தொன்பது மாடுகள் முடிந்தன. மகளின் கழுத்து வளைந்திருந்த விதம் பத்து வயதில் இருந்ததுபோலவே இருந்தது. இசபெல்லா பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு உள்ளே போனாள்.

அலமாரியின் மேல் வெள்ளைத்துணி போட்டு மூடிய தட்டு ஒன்று இருந்தது. அதைக் கொண்டுவந்து மாடுகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். துணியை எடுத்தாள். நாற்பது சம்மனசுகள். சிறகும் அங்கியும் வெள்ளை. முகம் வெறுமையாக இருந்தது.

"அம்மா."

"நாப்பதுதான். ஒங்கைக்குப் பத்து நிமிசம்."

"மாடு மட்டும்னு சொல்லித்தானம்மா வரச்சொன்ன."

"யாரு போய்ச் சொல்லப்போறா? நானா, காளியாயியா?"

"யாருகிட்ட?"

"ஒம் புருசங்கிட்ட. அவந்தான் ஒட்டஞ்சத்திரத்துல இருக்கானே."

ஆக்ஸிலியா கோனின் நுனியை மடக்கினாள். காய்ந்துவிடாமல் ஈரத்துணிக்குள் வைத்தாள்.

"அவருக்குத் தெரியும்மா நான் இங்க இருக்கேன்னு. அத்தைக்குக் கை முடியலங்காங்க, எதை வரையச் சொன்னாலும் வரைஞ்சு குடுத்துட்டு வா, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்னுதான் சொல்லி அனுப்புனாரு."

இசபெல்லா துணியை மடித்தாள்.

"பெறகென்ன?"

"எனக்குத்தாம்மா வேண்டாம்."

"எனக்குத்தான்னா?"

"அவரு ஒருநாளும் போகாதன்னு சொன்னதில்ல. நீ ஊரெல்லாம் அவரச் சொல்றது எங்க ரெண்டு பேருக்கும் தெரியும். இருக்கட்டும், அத்தைக்கு அது ஆறுதலா இருந்தா என்னையவே சொல்லிக்கிடட்டும்னாரு. நானும் பேசாம இருந்துட்டேன்."

"ஏன்டி? ஒனக்கு என்ன செஞ்சேன்?"

ஆக்ஸிலியா ஈரத்துணியின் ஓரத்தை எடுத்தாள். விரலில் ஒட்டியிருந்த கொக்கோவைத் துடைத்தாள்.

"அந்த வருசம், பழனி ஆஸ்பத்திரி" என்றாள்.

கல்யாணமான இரண்டாவது டிசம்பர். ஆக்ஸிலியாவுக்கு ஏழாவது மாதம். பத்தொன்பதாம் தேதி வலி வந்தது. பெண் குழந்தை. உயிர் இல்லை. இசபெல்லா இருபத்தொன்றாம் தேதி மலையிறங்கிப் போனாள். ஒரு ராத்திரி இருந்தாள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் திரும்பிவிட்டாள்.

"ஆர்டர் கெடந்துச்சு பிள்ள. எரநூறு பிஸ்கட் அப்பிடியே கெடந்துச்சு."

"தெரியும்மா. அத நான் சொல்லல. வரும்போது நீ ஒரு டப்பா கொண்டாந்த."

"நீ ஆசையாத் திம்பியேன்னு..."

"மார்ல பால் கட்டிக் கெடக்கேன். நீ டப்பாவத் தெறந்து காட்டுற. எல்லாம் சம்மனசு. நான் வரையிற மாதிரியே நீ கண்ணு வரைஞ்சிருந்த. வரிசையாக் கண்ண மூடிக் கெடக்கு." அவள் குரல் உயரவில்லை. "எம்பிள்ளையும் அப்பிடித்தாம்மா கெடந்துச்சு."

இசபெல்லா சம்மனசுத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீ போன அன்னைக்குச் சபையில இருந்து எட்டுப் பொம்பளைக வந்தாங்க. ஒருத்தி எந்துணியத் தொவைச்சா. ஒருத்தி ராத்திரி எங்கூடத் தரையில படுத்துக்கிட்டா. பத்து நாளு. அந்த வீட்டுல ஸ்டார் தொங்கல. பாட்டு இல்ல. அங்க டிசம்பர் வெறும் மாசம்தாம்மா. எனக்கு அது எதமா இருந்துச்சு. அதான் அங்கயே இருந்துக்கிட்டேன்."

இசபெல்லாவுக்குச் சொல்ல ஒன்று இருந்தது. அந்த இருநூறு பிஸ்கட்டையும் தான் பார்த்துக்கொள்வதாகக் காளியாயி அன்று சொல்லியிருந்தாள். மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டாவது நாள் இருக்க முடியாமல்தான் இசபெல்லா பஸ் ஏறினாள். அதைச் சொல்லவில்லை. தட்டின் மேல் துணியைப் போட்டாள். கை ஆடியதில் துணி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஆக்ஸிலியா அதைச் சரிசெய்தாள்.

"நீ ஒரு தடவ கேப்பன்னு பாத்தேன்" என்றாள் ஆக்ஸிலியா. "பிள்ள யாரு மாதிரி இருந்துச்சுன்னு."

இசபெல்லா வாய் திறந்தாள்.

"இப்பக் கேக்காதம்மா."

கோனை ஈரத்துணியிலிருந்து எடுத்தாள். பாக்கி இருந்த பதினொரு மாடுகளுக்கும் கொம்பு, கண், காலுறை வரைந்தாள். கோடுகள் சீராக இருந்தன. பிறகு இருவரும் ரசம் ஊற்றிச் சாப்பிட்டார்கள். ஆக்ஸிலியா பாத்திரம் கழுவினாள். மாத்திரை வேளாவேளைக்குப் போடுகிறாயா என்று கேட்டாள். போடுகிறேன் என்றாள் இசபெல்லா.

மூன்று மணி பஸ்ஸுக்குக் குடை பிடித்துக்கொண்டு இசபெல்லா கூடவே நடந்தாள். மூஞ்சிக்கல் பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். பஸ் வந்ததும் ஆக்ஸிலியா அம்மாவின் கையைப் பிடித்தாள். கை ஆடியது. பிடித்த கையும் சேர்ந்து ஆடியது.

"ஜனவரில வாரேன்" என்றாள்.

மறுநாள் இருபத்து நான்காம் தேதி. காளியாயி வெள்ளனே வந்தாள். ஒத்தாசைக்கு எதுவும் இல்லை என்று இசபெல்லா சொன்னாள். காளியாயி காப்பி குடித்துவிட்டு, "மருமகன் தெரிஞ்சு சத்தம் போட்டானா?" என்று கேட்டாள். இல்லை, அவர் நல்லவர் என்றாள் இசபெல்லா. காளியாயி தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். பத்து மணிக்கு மின்சாரம் போயிற்று. பெட்டிகளில் காகிதம் விரித்து மாடுகளை அடுக்கினாள். சம்மனசுகளையும் அடுக்கினாள். பதினொன்றரைக்கு விடுதி டிரைவர் செந்தில்வேல் ஜீப்பில் வந்து வட்டக்கானலுக்கு எடுத்துப்போனான். விடுதியிலிருந்து போன் வந்தது. மாடு நன்றாக இருக்கிறது, சம்மனசுக்கு ஏன் கண் இல்லை என்று கேட்டார்கள். இந்த வருடம் அப்படித்தான் என்றாள். மதியம் பழைய சோறு சாப்பிட்டாள். நான்கு மணிக்குப் பென்சன் போன் செய்தான். ஆக்ஸிலியாவுக்கு லேசான காய்ச்சல், பஸ்ஸில் குளிர் தாக்கியிருக்கும் என்றான். மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுங்கள் தம்பி என்றாள். எப்படி வைக்க வேண்டும் என்று கேட்டான். சொன்னாள். அவன் எழுதிக்கொண்டான். சாயங்காலம் தூறியது. கொடியில் கிடந்த துணிகளை எடுத்து உள்ளே போட்டாள்.