எம்.பி. வீட்டுக்குப் போய் வந்தவள்

என் கணவர் இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளார்க்காக இருந்தார். பாஸ்போர்ட் கட்டாயம் என்று வந்தபின் ஊருக்கு வரமுடியாமல் மாட்டிக்கொண்டார். கொழும்பில் விண்ணப்பம் கொடுத்தார், பதிலே இல்லை. எங்கள் மகள் அப்பாவைப் போட்டோவில் மட்டும்தான் பார்த்திருந்தாள்.

நான் அப்போது பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்புக்கு டீச்சர். வெளிநாட்டுக் காரியம் எல்லாம் டெல்லியில் நடப்பது, நெய்யாற்றின்கரைக்குப் போய் எம்.பி.யைப் பார் என்று எங்கள் சபைப் போதகர்தான் சொன்னார்.

அதை வீட்டில் சொன்னதும் கணவரின் அப்பாவான மாமா சாப்பாட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். தமிழ் பேசும் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று அவர் ஊர்வலம் போனவர். போலீஸ் பிடித்துக்கொண்டு போய் அடித்ததில் இடது தோள் சரியாகவில்லை. வாழைக்குலையைத் தூக்க ஆள் தேடுவார். எம்.பி.யோ மலையாள மாநிலத்திலிருந்து தாலுகாவைப் பிரிக்கக்கூடாது என்கிற கட்சிக்காரர்.

“அவன் சும்மா ஒண்ணும் செய்யமாட்டான் மக்கா. உனக்க கையில ஒரு காரியம் தந்துட்டு, நமக்க கையில இருந்து வேற ஒண்ணு வாங்குவான்” என்றார்.

“உங்களுக்க மவன் வரண்டாமா மாமா?”



ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிப் போனேன். எம்.பி. முன்னே வக்கீலாக இருந்தவர்; கோர்ட்டுக்குப் பின்னால் ஓட்டு வீடு. வராந்தா நிறைய ஆட்கள். மலைக்கு மேலே அம்பூரியிலிருந்து போஸ்ட் ஆபீஸ் கேட்டு ஒரு கூட்டம் வந்திருந்தது. என் முறை வந்தபோது, “எந்தா டீச்சரே, எந்து வேணும்?” என்றார். நானும் மலையாளத்திலேயே சொன்னேன். அந்த வீட்டில் தமிழ் பேச எனக்குப் பயமாக இருந்தது. முழுவதும் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு எங்களைப் போலவே தமிழில் கேட்டார்.

“உங்க ஸ்கூல்ல தமிழ் கிளாஸ் இப்பவும் உண்டா? பிள்ளைகள் நல்லா வருதா?”

பாஸ்போர்ட்டுக்கும் தமிழ் கிளாசுக்கும் என்ன சம்பந்தம்?

“உண்டு சார். மத்தது எல்லாம் ஹெட்மாஸ்டருக்குத்தான் தெரியும்” என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

கொஞ்ச நாளில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஜீப் வந்தது. கல்வி அதிகாரி ஒருவர் நேரே என் வகுப்புக்கு வந்து பிள்ளைகளின் தலையை எண்ணினார். மலையாள வகுப்புப் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தமிழ் வகுப்பை மூடப்போகிறார்கள் என்று மாலைக்குள் ஊர் முழுக்கப் பேச்சு. நான் எம்.பி. வீட்டுக்குப் போய் வந்ததை அங்கே யாரோ பார்த்திருந்தார்கள். மறுநாள் மதியம், எப்போதும் என்னோடு உட்கார்ந்து சாப்பிடும் டீச்சர் சோற்றுப் பொதியை எடுத்துக்கொண்டு வேறு வகுப்புக்குப் போய்விட்டாள். பள்ளிக்கூட வாசலில் ஒரு தகப்பன் என் காதில் விழும்படி, “மாப்பிள்ளைய கூட்டியாற நம்ம பிள்ளைகள வித்தாச்சாக்கும்” என்றான்.

போராட்டக்காரர்கள் வீட்டுக்கு வந்தால் மாமா முற்றத்தில் நின்று பேசுவதை விட்டுவிட்டு, அவர்களைத் எனக்குக் கேட்காதபடி தோட்டத்தின் அந்தக் கோடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுபடியும் நெய்யாற்றின்கரைக்குப் போனேன். இந்தத் தடவை தமிழிலேயே கேட்டேன்.

“அதிகாரிய நீங்கதானே சார் அனுப்பினீங்க?”

“நாந்தான்” என்றார். ஒளிக்கவே இல்லை. “மாநிலம் பிரிக்கிற மசோதா வருது டீச்சர். நான் எழுந்து பேசும்போ, உங்க தாலுகாவுல தமிழ் படிக்க இடம் உண்டான்னு எதிர்ப் பக்கத்துக்காரன் கேப்பான். சரியான பதில் வேணும். நீங்க சொல்லாம எழுந்து போயிட்டீங்க.”

“எந்தப் பக்கம் பேசப்போறீங்க?”

“தாலுகா இங்கதான் இருக்கணும்னு பேசுவேன். அத மறைச்சு என்ன? ஆனா இங்க இருக்குற தமிழ் வகுப்பில கை வைக்கப்பிடாதுன்னும் பேசுவேன்.”

இரண்டையும் ஒரே வாய் எப்படிப் பேசும் என்று எனக்குப் புரியவில்லை. வக்கீல் பேச்சு என்று நினைத்தேன். பாஸ்போர்ட் விஷயத்தைக் கேட்காமலே இறங்கி வந்துவிட்டேன். அவரே வாசல் வரை வந்து, “அது நடக்குது டீச்சர், எழுதியிருக்கேன்” என்றார். அதையும் நான் நம்பவில்லை.

அவர் டெல்லியில் பேசியது பத்திரிகையில் வந்தது. மாமா தமிழ்ப் பத்திரிகை வாங்கி வந்தார். அதில் அவர் துரோகி. மலையாளப் பத்திரிகையைப் பள்ளிக்கூடத்தில் பார்த்தேன். அதில் அவர் வீரர். தமிழ் வகுப்பைப் பற்றி இரண்டிலும் ஒரு வரிகூட இல்லை. பேசவில்லையா, பேசியும் போடவில்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மழைக்காலம் முடியும்போது என் கணவர் வந்து சேர்ந்தார். மெலிந்து, இருமிக்கொண்டு. மகள் அவரைக் கண்டதும் என் பின்னால் ஒளிந்துகொண்டாள். சாப்பிட்டு முடித்ததும் மாமா முதல் கேள்வியாகவே கேட்டார்.

“காயிதம் எப்படிலே கிட்டிச்சு?”

“கொழும்புல ஆபீசர் கூப்பிட்டு விட்டாரு. உனக்காக டெல்லியில இருந்து ஒரு எம்.பி. எழுதி எழுதி எங்கள இருக்க விடல்லன்னு சொன்னாரு.”

மாமா எழுந்து வெளியே போனார். அதன் பிறகு அவரைத் தேடி வருகிறவர்கள் குறைந்தார்கள். அவர் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனாலும் மகன் வந்து சேர்ந்ததே அவர்களுக்குச் சாட்சியாகப் போய்விட்டது.

எல்லையைப் போட்டார்கள். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு, நாங்கள் இந்தப் பக்கம். மாமா அன்றைக்குத் தோட்டத்துக்குப் போகவில்லை. என் வகுப்பை யாரும் மூடவில்லை. ஆனால் ஒவ்வொரு ஜீப் சத்தத்துக்கும் நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போவேன்.

அடுத்த தேர்தலில் எம்.பி. ஓட்டுக் கேட்டு எங்கள் வீட்டுக்கும் வந்தார். மாமா நாற்காலியை எடுத்துப் போட்டார். எம்.பி. என் கணவருடைய இருமலைப் பற்றி விசாரித்தாரே தவிர, பாஸ்போர்ட் பேச்சை எடுக்கவில்லை. அவர் போனபின், “செய்தத சொல்லிக் காட்டாதவன் ஆக்கும் பயந்து பேடிக்க வேண்டியவன்” என்றார் மாமா.

அந்தத் தேர்தலில் நான் எம்.பி.க்குத்தான் ஓட்டுப் போட்டேன். அவர் தோற்றுப்போனார். யாருக்குப் போட்டேன் என்று வீட்டில் இரண்டு பேரும் கேட்டார்கள். நான் சொல்லவில்லை.