இரண்டடி குறைந்த சமையலறை

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறேன். போன வருடம் வீடு கட்டியபோது, சமையலறை பத்துக்கு எட்டு அடி இருக்க வேண்டும் என்று மேஸ்திரியான என் தம்பியிடம் தாளில் வரைந்தே கொடுத்தேன். கூடப்பிறந்தவன் என்ற நம்பிக்கையில் வேலைக்குப் போய்விட்டேன். வெறும் அறையாகப் பார்த்தபோது குறை எதுவும் தெரியவில்லை.

குடிபோன மறுவாரம் நான் சோறு வடித்துக்கொண்டிருக்க, மகள் பின்னால் வந்து ஃபிரிட்ஜைத் திறந்தாள். கதவு என் முழங்கையில் இடித்து, கொதிக்கும் கஞ்சி காலில் கொட்டியது. நல்லவேளை, அவள்மேல் படவில்லை.

சந்தேகத்தில் அளந்து பார்த்தேன். எட்டடி இருக்க வேண்டிய பக்கம் ஆறடிதான் இருந்தது. தம்பியைக் கேட்டேன்.

"மாமாதான் ஹால் பெருசா வேணும்னாரு. உங்கிட்ட சொல்ல வேணாம்னாரு அக்கா."

கணவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "சமைக்க இன்னாத்துக்கு அவ்ளோ இடம்?" என்றார்.

காலில் பட்ட புண் ஆறிவிட்டது. இரண்டு பேரும் சேர்ந்து என்னிடம் மறைத்ததைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

இப்போது தங்கை வாணியம்பாடியில் வீடு கட்டுகிறாள். தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, சமைப்பதுபோல் நாங்கள் இருவரும் நின்று, குனிந்து, திரும்பிப் பார்த்த பிறகுதான் அளவை முடிவு செய்தோம். சமையலறைச் சுவர் எழும்பும்வரை லீவு போட்டுக் கூடவே நின்றேன். இந்த முறை மேஸ்திரி எங்கள் தம்பி இல்லை.