பாப்பாநாட்டுக்காரர் கழுத்தில் தெரிந்த சிவப்பு

ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். சிரித்துவிட்டு மறந்துவிடாதீர்கள்.

எங்கள் மீனா டாக்டருக்குப் பழுப்புக் கொழுப்பில் தீசிஸ். சாதாரண வெள்ளைக் கொழுப்பு வயிற்றில் சும்மா குந்தியிருக்கும். பழுப்புக் கொழுப்பு உழைப்பாளி. குளிரடித்தால் சர்க்கரையையும் கொழுப்பையும் எரித்து உடம்பைச் சூடாக்கும். பெரியவர்களுக்குக் கழுத்தெலும்புக்கு மேலே கொஞ்சம் உண்டு. உடற்பயிற்சி செய்தால் அது இன்னும் சுறுசுறுப்பாகுமா என்பதுதான் கேள்வி. ஆட்களைச் சில வாரம் சைக்கிள் மிதிக்க வைப்போம். முன்னும் பின்னும் ஏசி ரூமில் உட்கார வைத்துத் தெர்மல் கேமராவில் கழுத்தைப் படம் எடுப்போம். சூடான இடம் சிவப்பாகத் தெரியும்.

யார் கழுத்திலும் வித்தியாசமே தெரியவில்லை. தீசிஸ் கொடுக்கும் நாள் நெருங்க, டாக்டர் சாப்பாட்டையே மறந்துவிட்டார். அப்போதுதான் பாப்பாநாட்டு விவசாயி கோவிந்தராசுவின் முறை வந்தது. படத்தைப் பார்த்து நானே கத்திவிட்டேன். கழுத்து செக்கச்செவேல் என்றிருந்தது! டாக்டர் உடனே தஞ்சாவூரிலிருந்த தீசிஸ் கைடுக்குப் போன் போட்டார்.

"சார், எக்சர்சைஸ் வேல செய்யுது சார்! கழுத்து அடுப்பா கொதிக்குது!"

"படத்த அழிச்சிடாதீங்கம்மா, இதோ கெளம்பிட்டேன்."

போனை வைத்ததும் கோவிந்தராசுவின் மனைவி செல்வி, கையில் துணி மூட்டையோடு எட்டிப் பார்த்தார்.

"டாக்டரம்மா, தவுடு ஆறிப்போச்சு. கேண்டீன்ல கொஞ்சம் வறுத்துத் தருவாங்களா?"

"என்ன தவுடு?"

"சைக்கிள் மிதிச்சதுல இவருக்குக் கழுத்து புடிச்சிக்கிச்சுங்க. போன தடவ ஏசில வேற வெடவெடத்துப் போனாரு. அதான் தவுட்ட வறுத்து ஹாட்பாக்ஸ்ல கொண்டாந்தேன். நீங்க கேமராவத் தூக்கிட்டு வர்ற வரைக்கும் ஒத்தடந்தான்."

கோவிந்தராசு கூரையைப் பார்த்தார். டாக்டர் மறுபடி போனை எடுத்தார்.

"சார், கார்ல ஏறிட்டீங்களா? எறங்கிடுங்க சார். அது கொழுப்பு இல்ல. தவுடு."

மறுவாரம் ஒத்தடம் இல்லாமல் எடுத்தோம். மிதிப்பதற்கு முன் எடுத்த படம் மாதிரியேதான் இருந்தது. டாக்டர் அதை உள்ளது உள்ளபடி எழுதினார், பாஸும் ஆனார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கோவிந்தராசுவுக்குத்தான் மனசு ஆறவில்லை. "அப்ப நான் மிதிச்சதெல்லாம் வீணா?" என்றார். ரத்தத்தில் சர்க்கரை குறைந்திருந்த ரிப்போர்ட்டைக் காட்டினேன். நம்பவில்லை.

செல்விதான் முடித்துவைத்தார். "பழுப்போ வெள்ளையோ, தொப்ப கொறஞ்சு இப்பத்தான் இவரு வேட்டி இடுப்புல நிக்குது. பேசாம மிதிக்கச் சொல்லுங்க."

பிள்ளைகளே, படம் எவ்வளவு அழகாக வந்தாலும் முதலில் ஆளைத் தொட்டுப் பாருங்கள். அப்படியே, கூட வந்தவர்களின் ஹாட்பாக்ஸையும் திறந்து பாருங்கள்.