ரிங் ஃபிளாஷில் வெளுத்த ஜரிகை

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஒரு ஆடி மாதம். காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடைக்கு நான்தான் புடவைகளைப் படம் எடுத்துக் கொடுப்பேன். ஜரிகை வேலைப்பாட்டை மிக அருகில் எடுப்பதற்காக, லென்ஸைச் சுற்றி வளையமாக மாட்டும் ரிங் ஃபிளாஷைப் புதிதாக வாங்கியிருந்தேன். நிழலே விழாது. ஒவ்வொரு இழையும் தெரியும். அந்தப் பெருமையில் ஒரு மாம்பழ நிறப் புடவையின் பார்டரை எடுத்து அனுப்பினேன்.

நேர் எதிரே வெளிச்சம் அடித்தால் ஜரிகை பளிச்சென்று திருப்பி அடிக்கும். தங்க நிறம் போய் வெள்ளையாகிவிடும். படத்தில் அப்படித்தான் இருந்தது. பார்த்தேன். மறுபடி எடுக்கச் சோம்பல்.

படத்தைப் பார்த்த வாடிக்கையாளர் போலி ஜரிகை என்று சொல்லிவிட்டார். முதலாளி உடனே அதை நெய்த அம்மாவை வரவழைத்தார். ஜரிகையும், தறியில் ஏற்றும் பட்டு நூல் பாவும் கடைதான் கொடுக்கும். ஆகவே போலி என்றால் நெய்தவர் மாற்றிவிட்டார், திருடிவிட்டார் என்று அர்த்தம். அந்தப் பேர் வந்தால் வேறு எந்தக் கடையிலும் பாவு கிடைக்காது.

"இன்னாம்மா, நான் குடுத்த ஜரிகைய எங்க வித்த?"

"புடவை கண்ணு முன்னால இருக்குது, நீங்க போட்டோவ பாத்துக்கினு பேசறீங்களே மொதலாளி!"

சொல்லிக்கொண்டே அந்த அம்மா பார்டரில் ஒரு இழையை நகத்தால் சுரண்டினார். உள்ளே சிவப்புப் பட்டு நூல். அசல் ஜரிகையில்தான் அது இருக்கும்.

முதலாளி அசரவில்லை. "ஒரு எடத்துல நல்லத வெச்சிருப்ப. புடவையயும் கெடுத்துட்ட. இனிமே உனக்குப் பாவு கெடையாது, போ."

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "படம் புடிச்சவன் நீதானே? நீ சொல்லுப்பா."

நான் கேமரா பையின் ஜிப்பை இழுத்து மூடினேன். தப்பு என் மேல் என்று தெரிந்தால் எனக்கு அந்தக் கடை போய்விடும்.

மறுநாள் அதே பார்டரை ஜன்னல் ஓரம் வைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தேன். பொன்னாக மின்னியது. முதலாளி பார்த்துவிட்டு, "இது நல்லா இருக்குதுபா, இதையே போட்டுடு" என்றார். அந்த அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை.

அந்த அம்மா இப்போது தறியைப் பிரித்துவிட்டு, ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குக் கம்பெனி வேனில் வேலைக்குப் போகிறார். முதலாளி அயோக்கியன் என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்று அந்தக் கடையில் படம் ஏன் வெளுத்தது என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்பது, யாரை எவ்வளவு திட்டினாலும் மாறவில்லை.